ஆறாயிரம் லிட்டர்

இரும்புக் கேட் படாரென்று சுவரில் மோதியது. மாப்பிள்ளை வந்துவிட்டார். கேட்டைக் கையால் திறந்து அவருக்குப் பழக்கமில்லை. காரின் மூக்கால்தான் தள்ளுவார்.

வண்ணமீன் பண்ணையின் மூன்றாம் தொட்டியில் இரண்டாயிரம் குஞ்சுகள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு சோர்ந்து கிடந்தன. பதினோரு வருடமாகப் பண்ணையைப் பார்ப்பவள் மூத்த மகள். அப்பா வைத்தியத்துக்கு அழைத்ததோ இளைய மகளின் கணவரை. அவர் பாலம் கட்டும் பொறியாளர். எந்தப் பாலம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"குஞ்சுங்க பிழைச்சா இனிமே பண்ணை உங்க பொறுப்பு மாப்பிள்ளை," என்று அப்பா சொல்லியும்விட்டார்.

மாப்பிள்ளை தொட்டிக்கு வெளியே டேப்பைப் பிடித்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மீன்வாடை ஆகாதாம்.

"நீளம் மூணு மீட்டர், அகலம் ரெண்டு, உயரம் ஒண்ணு. பெருக்கினா ஆறு கன மீட்டர், அதாவது ஆறாயிரம் லிட்டர். ஆயிரத்துக்குப் பத்து மில்லின்னா மருந்து அறுபது மில்லி."

"தண்ணி ஒரு மீட்டருக்கு நிக்கலையே," என்றாள் மூத்தவள். "அறுபது சென்டிமீட்டர்ல வழிகுழாய் இருக்கு. மூவாயிரத்து அறுநூறு லிட்டர்தான் தேறும். அவ்வளவு மருந்தை ஊத்தினா ஒரு குஞ்சுகூட மிஞ்சாது மாப்பிள்ளை."

அவர் சிரித்தார். "அக்கா, கன அளவுன்னா நீளம், அகலம், உயரம். குழாயை எந்தப் புத்தகத்துல பெருக்கச் சொல்லியிருக்கு?"

"படிச்சவர் சொல்றாரு. நீ பேசாம வலையைக் கழுவு," என்றார் அப்பா.

மாப்பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டார். நாலு மணிக்கு எழுந்து வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அறுபது மில்லியையும் தொட்டிக்குள் கவிழ்த்தார்.

மூன்றாம் நாள் காலை, குஞ்சுகள் தீனிக்கு முட்டிமோதின. ஒன்றின் மேலும் புள்ளி இல்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

"பார்த்தீங்களா மாமா? எதுக்கும் கணக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும். அக்கா பேச்சைக் கேட்டிருந்தா மருந்து பத்தாம எல்லாம் செத்திருக்கும்."

அப்பா மகளைப் பார்த்தார். "இப்போ என்னம்மா சொல்றே?"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க தூங்கின நேரத்துல வழிகுழாயை அடைச்சு, விளிம்பு வரைக்கும் தண்ணி விட்டேன் மாப்பிள்ளை. உங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கறதைவிட அது சுலபமா இருந்துச்சு."