அண்ணன் வந்தாச்சு

நான் பட்டறைக்குள் ஒரு கால் வைத்ததுமே தம்பி குரல் கொடுத்தான்: “அண்ணன் வந்தாச்சு. ஆஃப் பண்ணு.” இரண்டு வெல்டிங் மிஷினும் நின்றன. எங்களிடம் வேலை பார்க்கும் நெட்டையன் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வராத போனை எடுத்துக் காதில் வைத்தபடி வெளியே போனான். சத்தமே இல்லை. எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. முன்பெல்லாம் நான் வந்தால் வேலை சூடு பிடிக்கும். இப்போது நான் வந்தால் வேலை நிற்கிறது. இதைவிடக் கேவலம் உண்டா?

இடது தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள். பேஸ்மேக்கர். இதயம் சோம்பேறித்தனம் பண்ணினால் அது ஒரு தட்டுத் தட்டும். வெல்டிங் கரண்டுக்குப் பக்கத்தில் போனால் அது குழம்பிப்போய், தட்டவேண்டிய நேரத்தில் தட்டாமல் விட்டுவிடலாமாம். “வேற வேலை பாருங்க” என்றார் டாக்டர், வேறு சட்டை போட்டுக்கொள்ளச் சொல்வதுபோல. மீசை முளைத்த காலத்திலிருந்து வெல்டிங் ஹோல்டர் பிடித்த கை இது. வேறு வேலையை எந்தக் கடையில் வாங்குவது?

செக்கப்புக்குப் போனால் ஒரு சின்னப் பெண், பெட்டியை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “இப்ப கொஞ்சம் வேகமா அடிக்கும், பயப்படாதீங்க” என்றாள். அடித்தது. அசையாமல் படுத்திருக்கிறேன், பஸ்ஸைத் துரத்தி ஓடியவன் மாதிரி நெஞ்சு படபடக்கிறது. தெரிகிறதா என்று வேறு கேட்டாள். என் இதயத்தை எனக்கே ஓட்டிக் காட்டுகிறாள், தெரியாமல் என்ன? வீட்டில் கதை இன்னும் மோசம். மனைவி என் சட்டைப் பையிலிருந்து செல்போனைப் பிடுங்கிவிட்டாள், பெட்டிக்குப் பக்கத்தில் அது இருக்கக் கூடாதாம். தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறாள். கோபப்படக் கூடாதாம், பெட்டிக்கு ஆகாதாம். நெஞ்சுக்குள் ஒரு மாமியாரைக் குடிவைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் அவளிடம் உத்தரவு கேட்கிற பிழைப்பு.

அன்று ஒரு மாடிப்படிக் கைப்பிடி சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். குனிந்து பார்த்தேன். முக்கியமான இணைப்பில் பற்றவைப்பு கோழி எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வயசானவர்கள் நம்பிப் பிடித்து இறங்கப்போகிற கம்பி. யார் போட்டது என்று கேட்டேன். தான்தான் என்றான் தம்பி, கம்பியைப் பார்த்துக்கொண்டே. அளவு எடுப்பதும் ஆட்களிடம் பேசுவதும்தான் அவன் வேலை. பற்ற வைப்பது எப்போதும் நான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவன் ஹோல்டரையே ஒழுங்காகத் தொட்டான்.

முகமூடியை மாட்டினேன். மிஷினைப் போட்டேன். ஹோல்டரில் வெல்டிங் ராடைச் சொருகிக்கொண்டு கம்பிக்குக் குனிந்தேன். மிஷினின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. நிமிர்ந்தால், தம்பி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான்.

“போடுடா” என்றேன்.

“மாட்டேன். நீ இங்கதான் விழுந்த. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உன் நெஞ்ச அமுக்கினது நான். எலும்பு ஒடிஞ்சது என் கைக்குத் தெரிஞ்சுதுண்ணா. நிறுத்தினா செத்துருவ, அமுக்கினா இன்னும் ஒடியும். அமுக்கிட்டே இருந்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாது.”

“உன்னை யாருடா அமுக்கச் சொன்னா?”

கேட்டுவிட்டேன். அவன் முகம், சின்ன வயசில் அப்பாவிடம் அடி வாங்கியபின் இருக்குமே, அப்படி ஆனது. முகமூடியைக் கழற்றிக் கம்பிகளின்மேல் வீசிவிட்டு வெளியே வந்தேன். அவன்மேல் கோபம், டாக்டர்மேல் கோபம், இத்தனை கோபத்திலும் அலுங்காமல் தட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பெட்டிமேல் எல்லாவற்றையும்விடக் கோபம். வீட்டுக்குப் போக மனசில்லை. சாலையைக் கடந்து, எதிரே பூட்டிக்கிடந்த கடையின் படியில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பட்டறைக்குள் நீல வெளிச்சம் எழுந்தது. இவ்வளவு தூரத்தில் நின்று அதை நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டேன், காதை என்ன செய்வது? வண்டிகளின் இரைச்சலைத் தாண்டியும் கேட்டது. படபடவென்று வெடித்துத் தெறித்தது. கரண்ட் அதிகம். இப்படிப் போட்டால் கம்பியில் ஓட்டை விழும், முட்டாள்.

“கரண்டைக் குறைடா!”

நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். வெளிச்சம் நின்றது. உள்ளே தம்பி முகமூடியைத் தூக்கி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு சாலையின் இந்தப் பக்கம் பார்த்தான். அவன் என்னைக் கண்டானா என்று தெரிவதற்குள் ஒரு லாரி குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதன் அடிவழியே நீலம் மறுபடி பளிச்சிட்டது. சத்தம் இப்போது தணிந்து, ஒரே சீராகக் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு திக்கியது.

“கையை இழுக்காத, மெதுவா போ!” என்று லாரிக்கு மேலாகக் கத்தினேன்.