உப்பளம் ஏன் கனடா போகவில்லை

முரசுமோட்டைச் சந்தியில், பிரேமிளாவின் கூல்பாருக்குள் அன்றைக்குப் பின்னேரம் ஒரே வாய்ச்சண்டை. மூன்று ரசிகர்களின் சண்டை 'உப்பளம்' பற்றியது. ஆனையிறவுப் பக்கத்துப் பெடியங்கள் நாலு பேர் தொடங்கிய ரொக் இசைக்குழு அது. வன்னியில் அவர்கள் மேடையேறினால் சனம் கதிரைக்கு மேலே ஏறி நிற்கும். ஆனால் இத்தனை வருசமாகியும் கடல் தாண்டி ஒரு மேடை கிடைக்கவில்லை.

நிரோஜன் ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. தன் பெயரில் ஒரு மண்டபத்தைப் பதிந்துவிட்டு உப்பளத்தைக் கூப்பிட்டிருக்கிறான். திங்கட்கிழமை அவர்கள் விசாவுக்காகக் கொழும்பு போகவேண்டும். போனமுறை அவர்கள் கேட்ட கனடா விசா ஏன் சரிவரவில்லை என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பாட்டு விளங்காது மச்சான்," என்றான் ரூபன். "மதகடியிலை மோட்டச்சைக்கிள் நிண்ட கதையைப் பாடினா வெள்ளைக்காரனுக்கு என்ன விளங்கும்?"

"வெள்ளைக்காரன் பாடுறது விளங்கியே நீ தலையாட்டுறனீ?" பிரேமிளா சர்பத்தைக் கலக்கியபடி கேட்டாள். "பாடுற திலீபன் அண்ணைக்குச் சிரிக்கத் தெரியாது. அதுதான் காரணம். அந்த முகத்தைப் போஸ்டரிலை போட்டா செத்தவீட்டு அந்தியேட்டி அழைப்பு மாதிரிக் கிடக்கும்."

"அவைக்கு ஆசை காணாது," என்றான் நிரோஜன். "நாங்கள் உயிரைக் குடுத்து நிண்டனாங்கள். அவை கொழும்புக்குப் போயிட்டு வந்து கையை விரிச்சவை."

கடைசிச் சொல் வாயில் இருக்கும்போதே வீரபாகு உள்ளே வந்தான். உப்பளத்தின் ட்ரம்ஸ்காரன். இப்போது நெல்லு வெட்டுகிற மெசின் ஓட்டுகிறான். சேட்டு முழுக்க அரிக்கிற நெல்லுச் சுணை. மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நிப்பாட்டாதையுங்கோ, எனக்கும் கேக்க ஆசை," என்று வாங்கில் இருந்தான்.

நிரோஜன் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். "உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை. போனமுறை என்ன நடந்தது? இந்தமுறையும் பிழைச்சா நான் அங்க தலை காட்டேலாது."

"சொல்லக்கூடாதெண்டு திலீபன் சத்தியம் வாங்கினவன்." வீரபாகு கழுத்தைச் சொறிந்தான். "ஆனா நீ திரும்பவும் கூப்பிடுறாய். தெரிஞ்சிருக்கிறது நல்லது. நீங்கள் பிரபலமான ஆக்கள் எண்டதுக்கு என்ன சாட்சி எண்டு விசாக் கந்தோரிலை கேட்டவை. திலீபன் எங்கட பேஸ்புக் பக்கத்தைத் திறந்து குடுத்தான். முதல் கிடந்தது நீங்கள் இந்தச் சந்தியிலை கட்டின பனர். மொழிபெயர்க்க இருந்த பிள்ளை வாசிச்சவா."

"எந்தப் பனர்?" என்றான் ரூபன், தெரிந்துகொண்டே.

"'கனடாவில் நிரந்தரமாகக் குடியேறச் செல்லும் எங்கள் அண்ணன்மாருக்கு வாழ்த்துகள்.' நாலு பாட்டுப் பாடிப்போட்டு வந்திடுவம் எண்டு அப்பத்தான் சொல்லி முடிச்சனாங்கள்."

அந்த வசனம் நிரோஜனுடையது. ரூபன்தான் கரண்ட் போஸ்டில் ஏறிக் கட்டினான். பிரேமிளா படம் எடுத்துப் பக்கத்தில் போட்டாள். சந்தியால் போன ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. வெளிநாடு போகிறவனை வேறெப்படி வாழ்த்துவது?

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?" என்று பிரேமிளா கேட்டாள்.

"பிள்ளையள் ஆசையிலை செய்தது, தெரிஞ்சா பிறகு எங்கட முகம் பாக்காதுகள் எண்டான் திலீபன்." வீரபாகு நிரோஜனைப் பார்த்தான். "இந்தமுறை ஒண்டும் போடேல்லைத்தானே?"

நிரோஜன் போனைத் திறந்து மேசையில் வைத்தான். காலையில்தான் போட்டிருந்தான்: 'எங்கட அண்ணாமார் வருகினம். இனி இதுதான் அவையின்ர வீடு.' கீழே வாழ்த்துகள் நீண்டுகொண்டு போயின. ஒருவர் தன் வீட்டு நிலக்கீழ் அறை வெறுமையாகக் கிடக்கிறது என்கிறார். இன்னொருவர் கோழிக்கடையில் நாலு பேருக்கும் வேலை தயார் என்கிறார்.

"ஐயோ, நான் பகிர்ந்தும் போட்டன்," என்று பிரேமிளா தன் போனைத் தேடினாள்.

நிரோஜன் தன்னுடையதை அழித்தான். படமெடுத்து வேறு இடங்களில் போட்டவர்களை என்ன செய்வது? முதலில் ஸ்காபரோவில் இருக்கும் தங்கம்மா மாமியைப் போனில் எடுத்தான். கல்யாணவீட்டு வட்ஸ்அப் குழுக்கள் அத்தனையிலும் அவதான் செய்தி போடுகிறவா. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"மாமி, உப்பளத்தைப்பற்றிப் போட்டதெல்லாத்தையும் உடனை அழியுங்கோ."

"ஏன் அப்பு, பெடியள் வரேல்லையோ?"

"வருவினம் மாமி. பாடிப்போட்டுத் திரும்பிப் போயிடுவினம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நிரோஜன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"திரும்பிப் போறதோ?" என்றா மாமி கடைசியில், ஆரோ செத்த செய்தி கேட்டவா மாதிரி. "ஏன், அதுகளுக்கு என்ன நடந்தது?"