காம்பால் தைத்த இலை

ஸஹ்லே ஊர் மேட்டில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் காலை பத்து மணியானால் போதும், யாரையும் சும்மா இருக்க விடமாட்டார்கள். பந்தை எறியச் சொல்வார்கள். எறிந்தால் கை தட்டுவார்கள். காகிதப் பூ ஒட்டச் சொல்வார்கள். அது பூவாகவே இல்லாவிட்டாலும் கை தட்டுவார்கள். எண்பத்தொரு வயது வதாத்துக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கல்யாணம் கட்டாமல், கூடப் பிறந்த ஐந்து ஆண்களுக்கும் ஐம்பது வருஷம் பொங்கிப் போட்ட கை அவளுடையது. ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசித் தம்பி மகன் அவளை இங்கே சேர்த்துவிட்டுக் கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.

வந்து நாற்பது நாள் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பெரியவர்களுக்குப் பொழுது போக்குவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஜுமானா, ஒரு நாள் உப்பு நீரில் ஊறிய திராட்சை இலை ஜாடியைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தாள். கூடவே ஒரு கிண்ணம் பச்சரிசி.

"இலைக்குள்ள அரிசிய வச்சு சுருட்டிக் குடுத்தா, மடத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கன்னியாஸ்திரிங்க வேகவச்சுப் போடுவாங்க பெரியம்மா. உங்கள மாதிரி சுருட்ட ஆளில்லையாம்."

"வெறும் அரிசியா? தக்காளி, புதினா ஒண்ணும் வேணாமா?"

"அதெல்லாம் அவங்க கொதிக்கிற தண்ணியில போட்டுக்குவாங்களாம்."

"கன்னியாஸ்திரி சமையல் வேற எப்படி இருக்கும்," என்று முனகிக்கொண்டே வதாத் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் அவளுக்குத் திருநாள். சுருட்டும்போதெல்லாம், முகம் தெரியாத ஏதோ ஒரு குழந்தை விரலை நக்குவது போல நினைத்துக்கொள்வாள். தன் கையால் ஆக்கியதை யாராவது தின்ன வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

எதிரே உட்காரும் தானியோஸ், பழைய பேருந்து ஓட்டுநர், தலையணை தலையணையாகச் சுருட்டுவார். "இத முழுங்கினா பிள்ளை செத்துரும்," என்று வதாத் பிடுங்கித் திருப்பிச் சுருட்டுவாள்.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை, நல்ல அகலமான இலை ஒன்று நடுவில் கிழிந்திருந்தது. எறிய மனமில்லாமல், காம்பை நகத்தால் கீறி மெல்லிய குச்சியாக்கி, கிழிசலைத் தைத்துச் சுருட்டி வைத்தாள். வியாழக்கிழமை ஜாடிக்குள் கையை விட்டாள். அதே இலை, அதே காம்புத் தையலோடு கையில் வந்தது.

அதைத் தானியோஸ் முன்னால் நீட்டினாள்.

"உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றார் தானியோஸ், குரலைத் தாழ்த்தி. "நான் மூணு வாரமா ஒரே ஓட்டை இலையத்தான் சுருட்டிட்டிருக்கேன்."

"தெரிஞ்சுமா உக்காந்திருக்க?"

"வேற எங்க போறது? இங்க இருந்தா நீ திட்டுறதயாவது கேக்கலாம்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வதாத் கைத்தடியை ஊன்றிக்கொண்டு காபி போடும் சின்ன அறைக்குப் போனாள். ஜுமானா ஒவ்வொரு சுருளாகப் பிரித்து, அரிசியைக் கிண்ணத்திலும் இலையை ஜாடியிலும் போட்டுக்கொண்டிருந்தாள். வதாத்தைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"மொத வாரம் நெசமாவே எடுத்துட்டுப் போனேன் பெரியம்மா. வெளியில சுருட்டினதை வாங்க மாட்டோம்னுட்டாங்க. இங்கயும் யாருக்கும் குடுக்கக்கூடாது, சட்டம். இத சொன்னா நீங்க மறுபடி சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவீங்க. அதான்."

"ஆறு வாரம். பிள்ளைங்க சாப்பிடுதுன்னு நெனச்சு சிலுவை போட்டுக்கிட்டே சுருட்டினேன்டி." கோபத்தில் ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது. அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதாள். ஜுமானா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வதாத் கேட்டாள்: "சட்டம் இங்க இருக்கறவங்களுக்குத்தானே? நீ வீட்டுக்குப் போறவ. உனக்கென்ன சட்டம்?"

ஜுமானா யோசித்தாள். பிறகு எழுந்து போய், வேலியில் படர்ந்த கொடியிலிருந்து ஒரு மடி இளம் இலை பறித்துவந்தாள். வரும் வழியில் சமையற்கட்டில் தக்காளி, புதினா, எலுமிச்சை கேட்டு வாங்கினாள். தானியோஸைக் கதவுக்கு வெளியே காவல் நிறுத்தினாள். காபி அடுப்பில் பாத்திரம் ஏறியது. சுருள்கள் மிதக்காதபடி மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கினாள் வதாத். ஒன்றரை மணி நேரம் அடுப்பை விட்டு நகரவில்லை. ஜுமானா டப்பாவை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வதாத் விடிந்ததிலிருந்தே வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு ஜுமானா காலி டப்பாவோடு வந்தாள்.

"தின்னானா உன் புருஷன்?"

"ஒண்ணு விடல. நல்லா இருந்துச்சு பெரியம்மா."

வதாத் அவள் முகத்தையே பார்த்தாள். "நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் எல்லாத்துக்கும்தான் சொல்றீங்க. அவன் என்ன சொன்னான்?"

ஜுமானா தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க. உப்பு பத்தலையாம். புளிப்பு தூக்கலா இருக்காம். எங்கம்மா இன்னும் சன்னமா சுருட்டுவாங்கன்னு சொல்லிக்கிட்டே தின்னாரு."

வதாத்துக்குப் பழைய வீடு நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து ஆண்கள், ஐந்து குறை. ஒருத்தனும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. கடைசித் தம்பி நக்லே செத்துப் பதினோரு வருஷமாகிறது. அதன் பிறகு ஒருத்தரும் அவளிடம் உப்பு பத்தவில்லை என்று சொன்னதில்லை.

"அம்மா சன்னமா சுருட்டுவாங்களாமா," என்றாள், கண் கலங்கிய சிரிப்போடு. "அந்த நாக்கு நீண்டவன்கிட்ட சொல்லு, செவ்வாய்க்கிழமை வேலைவிட்டு நேரா வீட்டுக்கு வரச் சொல்லு. வழியில வேற எதையும் தின்னக்கூடாது."