கைப்பிடி இல்லாத கார்

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கிறாள். அவர் பிறப்பதற்கு முன்பே ஓடி ஓய்ந்து, துருப்பிடித்துக் கிடந்தவளை அவரும் என் மாமனாரும் எங்கிருந்தோ இழுத்து வந்தார்கள். மாமனார் தகரம் தட்டினார். இவர் பக்கத்தில் நின்று, இங்கே மேடு, அங்கே பள்ளம் என்று உயிரை வாங்கினார்.

வயிற்றெரிச்சலில் பொய் சொல்லக் கூடாது, அவள் அழகிதான். முன்விளக்கில் எழும்பும் வளைவு கதவின் மேல் மெல்லத் தாழ்ந்து, பின்சக்கரத்தை மூடிக்கொண்டு, சொட்டப் போகும் நீர்த்துளி மாதிரி வாலில் போய் ஒடுங்கும். கையை வைத்தால் எங்கேயும் தட்டாமல் வால்வரைக்கும் வழுக்கிக்கொண்டே போகும். நிற்கும்போதே ஓடுகிற கார் அது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நாளில் அதைக் காட்டத்தான் என்னை முதலில் அழைத்துப் போனார். அவர் விரல் நுனியால் தொட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தகரத்தையே இப்படித் தொடுகிறவர் பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வார் என்று மனக்கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் மக்குதான்.

வளைவை எது உறுத்தினாலும் அவருக்கு ஆகாது. முதலில் கதவின் கைப்பிடிகள் போயின. அடியில் ஒளிந்திருக்கும் பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தில் கதவு திறக்கும்படி செய்தார். உள்ளே இருந்த பிடியும் அசிங்கமாம், அங்கேயும் பொத்தான்தான். கண்ணாடி இறங்கினால் விளிம்பில் கோடு தெரியுமாம், அதனால் எல்லாக் கண்ணாடியும் அசையாமல் ஒட்டப்பட்டன. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மாமனார் அடியில் ஒரு இழுப்புக் கம்பி வைத்தார். எலி வால் மாதிரி தொங்குகிறது என்று இவர் அதையும் வெட்டிவிட்டார்.

ஒரு கலைக்கூடத்தில் அவளைச் சிற்பங்களுக்கு நடுவே நிறுத்த இடம் கிடைத்தது. மறுநாள் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதற்கு முதல் நாள் அவளைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தினார்கள். காலையிலிருந்தே போட்டோக்காரர் ஒருவர் வெயிலில் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்கு எரிந்தால் முகம் களையாக இருக்கிறது என்றதால் முன்விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. மதியம் போட்டோக்காரர், பின்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு திட்டு தெரிகிறது என்றார். இருக்கைக்குப் பின்னால் அந்த ஒடுங்கிய வாலுக்குள் நுழையக்கூடிய உடம்பு எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான். துணியோடு ஊர்ந்து போனேன். திறந்த கதவு வளைவைக் கெடுக்கிறது என்று என் வீட்டுக்காரர் அதை வெளியிலிருந்து சாத்தினார்.

துடைத்து முடித்துப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் வெளியே அழுத்தினார், அதுவும் திறக்கவில்லை. அப்போதுதான் விளக்குகள் அணைந்துபோயிருந்ததைப் பார்த்தார்கள். பேட்டரி காலி. பேட்டரி இருக்கும் முன்மூடியும் அதே மின்சாரத்தில்தான் திறக்கும்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே இருப்பவர்களுக்கு அந்த வளைவு வளைவு, உள்ளே இருப்பவளுக்குத் தலையில் இடிக்கும் கூரை. அழகு மொத்தமும் வெளிப்பக்கம்தான். உள்ளே முட்டியை மடக்கி, கழுத்தைச் சாய்த்துக் கிடக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெயில் தகரத்தில் இறங்கியது. தூசி புகக் கூடாது என்று எல்லா இடுக்கையும் ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். காற்றும் புகவில்லை. புடவை உடம்போடு ஒட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரின் வாய் அசைந்தது.

நான் கண்ணாடியைத் தட்டினேன். "ஏங்க, மூச்சு முட்டுது. கண்ணாடிய உடைங்க."

அவர் கண்ணாடியோடு முகத்தை வைத்து, எலக்ட்ரீசியன் கிளம்பிவிட்டான் என்றார். "அசையாம இரு. பேசாம இருந்தா உள்ள இருக்கற காத்து தாங்கும்."

அந்தக் கண்ணாடிகள் அவள் உடம்புக்கென்றே வளைத்து வார்க்கப்பட்டவை. வார்த்த அச்சு, பட்டறையிலேயே எப்போதோ நொறுங்கிவிட்டது. எதை உடைத்தாலும் கலைக்கூடம் போனது போனதுதான். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க நாக்கு எழவில்லை. கால் மரத்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட அவமானமாக இருந்தது.

மாமனார்தான் சுத்தியலோடு வந்தார். பின்கண்ணாடிக்கு நேராக நின்று, என்னைத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் கை ஓங்கியதும் என் வீட்டுக்காரர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கைய விடுறா."

அவர் விடவில்லை. என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். யோசித்தார். என் மனுஷன் யோசித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மாமனார் சுத்தியலை இடது கைக்கு மாற்றினார். நான் முகத்தை மூடினேன்.

காற்று வந்தது. எத்தனை வாய் குடித்தேனோ தெரியாது. முடியெல்லாம் கண்ணாடித் தூள், முழங்கையிலிருந்து ரத்தம் ஒழுகியது. கண்ணைத் திறந்தால் என் வீட்டுக்காரர் ஒரு கெட்டிப் போர்வையை விரித்துப் பிடித்தபடி ஓடி வந்துகொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். இரண்டு கையையும் அவரைப் பார்த்து நீட்டினேன்.

அவர் போர்வையைக் காரின் வால் மேல் விரித்தார். விளிம்புகளை இழுத்துவிட்டு, சுருக்கம் இல்லாமல் தடவினார்.

"இது மேல கால வெச்சு இறங்கு. வளையல் பட்டா கீறிடும்."

இறங்க வேறு வழியில்லை. அவர் சொன்னபடியே போர்வை மேல் முட்டி போட்டு, வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மாமனார் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

என் வீட்டுக்காரர் போர்வையை எடுத்தார். உள்ளங்கையை வைத்து வால்வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலப்பா," என்றார்.