கோழிக்கூட்டுக் கதவின் நீலம்

கேதீசன் சுவிசில் கார் வாங்கப்போகிறான் என்ற செய்தி திராய்மடுவுக்கு வந்து மாதக்கணக்காகியும், அந்தக் கார் என்ன நிறம் என்பது மட்டும் முடிவான பாடில்லை. சும்மா கார் என்றால் கையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டு வந்துவிடலாம். இது பந்தயத்தில் ஓடுகிற சாதி. இரண்டு பேர்தான் இருக்கலாம், ஒரு சாக்கு அரிசி வைக்க இடமில்லை, எங்கள் ஊர் வீதியில் விட்டால் வயிறு நிலத்தில் முட்டும். ஜேர்மனியில் அதைச் செய்கிற கம்பனிக்காரன் எந்த நிறம் கேட்டாலும் கலந்து அடித்துத் தருவானாம். உலகத்தில் வேறு எவனிடமும் இல்லாத நிறமானாலும் சரி, அவன் கண்ணில் ஒரு துண்டைக் காட்டினால் போதுமாம்.

“மச்சாள், எனக்கு எங்கட தோணிட நீலம்தான் வேணும். அதில ஒரு துண்டு கிடைக்குமா?” என்று கேதீசன் போனில் கேட்டான்.

சுதர்சனா அவனுடைய தம்பி உதயரூபனின் மனைவி. நாவலடியில் உதயரூபனையும் அவன் தோணியையும் சுனாமி ஒன்றாகக் கொண்டுபோனது. தோணியில் ஒரு பலகை மட்டும் வாவிக் கரைக் கண்டல் மரங்களுக்குள் செருகிக் கிடந்தது. உதயரூபனில் அதுகூடக் கிடைக்கவில்லை. அரசாங்கக் கச்சேரியில் மரணச் சான்றிதழ் கொடுத்தார்கள், அதைக் காட்டித்தான் திராய்மடுவில் இந்த வீடு கிடைத்தது. ஆனால் அவனுடைய தாய் இலட்சுமிப்பிள்ளை, உடம்பைக் காணாமல் அந்தியேட்டிக் கிரியை செய்ய விடமாட்டேன் என்று நின்றாள். ஆக, உதயரூபன் கச்சேரியில் இறந்தவன், வீட்டில் இன்னும் வராதவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுதர்சனா போனை எடுத்தது வேறொரு கதை சொல்ல. அவளும் நல்லரத்தினமும் பதிவுத் திருமணம் செய்வதென்று முடிவெடுத்திருந்தார்கள். நல்லரத்தினம் உதயரூபனின் கூட்டாளி. செங்கலடியில் ஒரு கராஜில் ஓட்டோக்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பெயின்ட் அடிக்கிறவன். சுனாமிக்குப் பிறகு முகாமில் அவள் கொட்டிலுக்குத் தகரம் போட வந்தான், பிறகு கிணற்றுக் கப்பி பூட்ட வந்தான், பிறகு வராத கிழமைகளில் சுதர்சனாவுக்கு வாசலைப் பார்க்கத் தோன்றியது. அவ்வளவுதான் அவர்களுடைய காதல் கதை.

சட்டப்படி அவள் எவரையும் கேட்கத் தேவையில்லை. இடித்தது மாமியின் விசயம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது, கட்டுகிறவன்தான் அங்கே வந்து குடியிருப்பான். நல்லரத்தினம் வந்தால், இறந்த மகனின் தாய் அதே கூரையின் கீழ் இருப்பதை ஊர் எப்படிச் சகிக்கும்? களுதாவளையில் இருக்கும் தூரத்துச் சொந்தத்தோடு மாமியைக் கொண்டுபோய் விட்டுவிடு என்று கேதீசன் சொல்லிவிட்டால்? சுதர்சனாவின் தாயையும் அதே அலைதான் எடுத்தது. அதற்குப் பிறகு அவளைச் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டது மாமி மட்டும்தான். மாமியை இழக்க அவள் தயாராக இல்லை. கேதீசன் ஓம் என்றால் அவனே தாய்க்குச் சொல்லட்டும், மூத்த மகன் சொன்னால் மாமி கேட்பாள் என்பது அவள் போட்ட கணக்கு.

ஆனால் கேதீசன் மூச்சு விட்டால்தானே அவள் பேச. நாட்டில் சண்டை முடிந்துவிட்டது, இனி ஊருக்கு வரலாம் என்று தொடங்கி அவன் நேரே நீலத்துக்குப் போய்விடுவான். “பலகை இரிக்கு மச்சான், அனுப்புறன்,” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

பலகை எங்கே இருக்கிறது என்று அவள் அவனுக்குச் சொல்லவில்லை. அது கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்தது. இலட்சுமிப்பிள்ளைதான் கத்தியோடு உட்கார்ந்து கோழி எச்சத்தைச் சுரண்டினாள். சுதர்சனா ஓரத்தில் ஒரு சாண் அளவு அரிந்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு, தபாலில் போடப் புளியந்தீவுக்கு பஸ் ஏறினாள். பாலத்தடிச் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் பொதியை அவிழ்த்தான்.

“இது என்ன?”

“பலகை.”

“எங்க போறது?”

“சுவிசுக்கு. காருக்கு பெயின்ட் கலக்க.”

சிப்பாய் அவளை ஏறஇறங்கப் பார்த்தான். பலகையை மூக்கருகே கொண்டுபோனான். கோழி மணம் போகவில்லை போலும், மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்துக் கம்பனி மூன்று சின்னத் தகடுகளில் நீலம் அடித்துக் கேதீசனுக்கு அனுப்பியது. பலகையோடு வைத்துப் பார்த்தால் மூன்றாவது அச்சொட்டாக இருக்கிறதாம். ஆனாலும் அது அந்த நீலம் இல்லையாம். கேதீசனுக்கு நித்திரை வரவில்லை. தகடுகளைக் கூரியரில் திராய்மடுவுக்கே அனுப்பிவிட்டான்.

“கடைசியா அந்தத் தோணியப் பார்த்தது நீங்கதானே. பார்த்துச் சொல்லுங்க மச்சாள், எங்க பிழைச்சது?”

இந்தமுறையும் அவள் சொல்லவந்ததைச் சொல்லவில்லை. “மச்சான், இன்னொரு விசயம்,” என்று அவள் தொடங்க, “நிறம் முடியட்டும், மறுகா எல்லாம் கதைப்பம்,” என்று அவன் போனை வைத்துவிட்டான். சுதர்சனாவுக்கு அந்தக் கார் இன்னும் பிறக்காமலே அதன்மேல் வெறுப்பாக இருந்தது.

நல்லரத்தினம் தகடுகளை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நல்ல வேலைக்காரர்கள் என்று ஒப்புக்கொண்டான். பிறகு கோழிக்கூட்டடிக்குப் போய்க் கதவைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கேதீசன் சுவிசுக்கு வெளிக்கிட்டது எந்த வருசம்?”

“தொண்ணூற்றி மூண்டு எண்டு மாமி சொல்லுவா.”

“அப்ப அவன் கேக்கிற நீலம் மேல இல்ல, அடியில இரிக்கு.”

உதயரூபனின் தோணிக்கு ஒவ்வொரு வருசமும் சித்திரைக்கு முன்னால் பெயின்ட் அடித்துக்கொடுத்தவன் நல்லரத்தினம்தான். முதல்முறை அடித்தது கேதீசன் வெளிக்கிட்ட அந்த வருசம், பெயின்ட் கிடைக்காத காலம். பள்ளிக்கூட யன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சையையும், ஒரு பஸ்காரனிடம் கெஞ்சி வாங்கிய நீலத்தையும் பால்மா டின்னில் ஊற்றித் தடியால் கலக்கியதில் தற்செயலாக வந்த நிறம் அது. பிறகு எத்தனை தரம் முயன்றும் அது அப்படியே வரவில்லை. வருசத்துக்கு வருசம் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போனது. தினமும் பார்த்த உதயரூபனுக்கு அது தெரியவில்லை. சுவிசுக்குப் போனவனுக்குத்தான் பழையது அப்படியே கண்ணில் நின்றது.

சைக்கிள் பெட்டியிலிருந்து சான்ட் பேப்பரை எடுத்துத் தண்ணீர் தொட்டு, நல்லரத்தினம் கதவின் ஒரு மூலையை வட்டமாகத் தேய்த்தான். மோதிய வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் முதலில் இப்படித்தான் தேய்த்துப் பார்ப்பார்கள். வெட்டிய வெங்காயத்தைப் போல, ஒரு நீலத்துக்குள் இன்னொரு நீலமாக வளையங்கள் வந்தன. நடுவில், மரத்தை ஒட்டி, காசளவில் ஒன்று கிடந்தது. அது நீலமுமில்லை, பச்சையுமில்லை.

“இதுதான் அவன்ட. மற்றதெல்லாம் அவன் காணாதது,” என்றான் நல்லரத்தினம்.

சுதர்சனா குந்தியிருந்து பார்த்தாள். “நான் கலியாணம் முடிச்ச வருசம் எது?”

அவன் யோசிக்கவேயில்லை, ஒரு வளையத்தில் விரலை வைத்தான். பக்கத்து வளையத்துக்கும் அதற்கும் அவளால் வித்தியாசம் காண முடியவில்லை. உதயரூபன் அந்த வருசம் தோணியை இறக்கிவிட்டுக் கையெல்லாம் பெயின்டோடு அவளைத் தொட வந்ததும், அவள் புதுச் சட்டை என்று கத்திக்கொண்டு ஓடியதும் நினைவில் வந்தன. நல்லரத்தினத்துக்கு முன்னால் அழக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அழுதாள். அவன் எழுந்து போகவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை, தேய்த்த இடத்தைக் கட்டியிருந்த சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தான்.

தேய்த்த மூலையை அரிந்து அனுப்பினார்கள். கதவில் பாதி போய்விட்டதால் கோழிக்கூட்டுக்கு இலட்சுமிப்பிள்ளை சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டாள். “இன்னும் ரெண்டு கார் வாங்கினானெண்டா கோழிய நம்மட கட்டிலுக்குக் கீழதான் வளர்க்க வேணும்,” என்றாள்.

அடுத்த தகடு கேதீசனின் கைக்குப் போன நாளிலேயே போன் வந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“அதேதான் மச்சாள்! அச்சா அதேதான்! கம்பனிக்காரன் இதுக்கு ஒரு பேர் கேக்கிறான். தம்பிட பேரத்தான் வைக்கப்போறன். எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் இல்ல மச்சான். நல்லரத்தினம்தான் தேய்ச்சுப் பார்த்துச் சொன்னவர். அந்த நிறத்தக் கலந்ததும் அவர்தான்.”

“எங்கட நல்லரத்தினமா? அவன் இரிக்கானா? அவனுக்கு என்ன வேணுமெண்டு கேளுங்க, என்னெண்டாலும் நான் அனுப்புறன்.”

இனி இப்படி ஒரு வாய்ப்பு வராது என்று சுதர்சனாவுக்குப் பட்டது. “அவருக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியும் மச்சான். தை பிறக்க அவரும் நானும் பதிவு செய்யப்போறம். உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு நாளா நினைச்சன்.”

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“தம்பி செத்தானெண்டு ஆர் சொன்னது?” என்றான் கேதீசன்.

“அஞ்சு வருசம் மச்சான்.”

“அம்மாக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல்ல. ஆனா மாமி என்னோடதான் இரிப்பா. அவர் அதுக்கு ஓமெண்டிட்டார்.”

“நீங்க ஆர் அத முடிவெடுக்க?” என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

சுதர்சனா திரும்பினால் அறை வாசலில் இலட்சுமிப்பிள்ளை சுளகோடு நின்றாள். சுனாமி வீடுகளின் சுவர் கூரை வரை போகாது, ஒரு அறையில் பேசினால் மற்ற அறைக்கும் சேர்த்துத்தான். மாமி அரிசியைப் புடைத்து உலையில் போட்டாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது, இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. மாமி தேவைக்குப் பேசினாள், தேங்காய் முடிந்துவிட்டது, மழை வரும்போல என்கிற அளவில். அந்த அமைதி சுதர்சனாவைக் கொன்றது. வைது தீர்த்திருந்தால் காலில் விழுந்தாவது கெஞ்சியிருப்பாள். நல்லரத்தினத்திடம், வேண்டாம், விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட ஒருநாள் செங்கலடிச் சந்தி வரை போய், கராஜுக்குப் போகாமலே திரும்பி வந்தாள். அவனையும் விட முடியவில்லை.

மார்கழி மழையில் ஒரு தபால் வந்தது. சுவிஸ் முத்திரை. இலட்சுமிப்பிள்ளையின் பேருக்கு. உள்ளே கடிதமில்லை, ஒரு படம் மட்டும் இருந்தது. கேதீசன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், பக்கத்தில் கார். நிலத்தை ஒட்டிய, பளபளக்கிற அழகான கார்தான். ஆனால் அது நீலமில்லை. முழு வெள்ளை.

சுதர்சனாவுக்குப் படிக்கக் கடிதம் தேவைப்படவில்லை. பலகை, தகடு, தேய்த்த மூலை, தம்பியின் பேர் எல்லாவற்றையும் அவன் தூக்கி எறிந்துவிட்டு, அவளுக்கு என்ன நிறம் பொருந்தும் என்று சொல்லியனுப்பியிருக்கிறான். படத்தை ஒளித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, வருவது வரட்டும் என்று குசினிக்குள் போய் நீட்டினாள்.

இலட்சுமிப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

“இளைச்சிப் போனான்,” என்றாள். பிறகு படத்தை அரிசிப் பானையின் மேல் வைத்தாள்.

“மாமி...”

“உதயன் இனி வரமாட்டான், புள்ள. எனக்கு எப்பவோ தெரியும். வாயால சொல்லத்தான் ஏலாமக் கிடந்தது.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை, வடிய விட்டாள். புருசன் போனதிலிருந்து இருபது வருசமாக அவள் உடுத்துவது ஒரே நிறம்தான். அந்தச் சேலைத் தலைப்பைப் பிடித்து மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இந்த வீட்டில வெள்ளைக்கு நான் ஒருத்தி காணும். எழும்பு, மழை விட்டதும் கூறைச் சேலை எடுக்கப் போவம்.”