கடைசி உருண்டை

அட்சயா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். புட்டையும் மீன்குழம்பையும் குழைத்து உருட்டிய கையை ஊட்ட நீட்டியபடியே அவள் அம்மா துஷானி இருந்தாள்.

"நோ. கௌசிச் சித்தி தீத்தட்டும்."

கௌசியைக் காலையில் ஸ்ரௌவ்வில் ஊர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டது துஷானிதான். "சனிக்கிழமையும் வீட்டுக்கயே கிடக்காமல் டவுன்ரவுனைப் பாத்திட்டு வாரும்" என்று சொன்னபோது தன் குரலில் கரிசனை கொஞ்சம் கூடிப்போனதாக அவளுக்கே பட்டது. காரைவிட்டு இறங்குமுன் கௌசி கேட்டாள்.

"அக்கா, மார்கழியோட போகாமல் கோடை வரைக்கும் உங்களோட நிக்கட்டோ? விசா கிடக்குத்தானே."

"பின்னேரம் சொல்லுறன்."

எல்லாம் துஷானி தானே தேடிக்கொண்டதுதான். மார்க்கம் நகரில் அவளோடு வேலை செய்கிறவர்கள் பிரான்சிலிருந்து இளம்பெண்களை ஓ-பேராக எடுத்தார்கள். அந்தப் பெண்கள் வீட்டில் ஒரு பிள்ளைபோலத் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் போகுமுன்பே குழந்தைக்குப் பிரெஞ்சும் வந்துவிடும். துஷானிக்குத் தமிழ் வேண்டியிருந்தது. பல வாரம் தேடி, ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தும் நன்றாகத் தமிழ் பேசும் கௌசியைக் கண்டுபிடித்தாள். வீடியோவில் பேசியபோது துஷானி கேட்ட முதல் கேள்வியே, "உமக்குத் தீத்தத் தெரியுமோ?" என்பதுதான். பக்கத்தில் இருந்த கணவன் ஜனார்த்தன் சிரித்தான். "பிள்ளை பாக்க ஆள் எடுக்கிறீரோ, மருமகள் எடுக்கிறீரோ?"

கேட்டதெல்லாம் கிடைத்தது. கரண்டியும் ஐபாட்டும் இல்லாமல் சாப்பிடாத அட்சயா இப்போது கௌசி கையால் ஊட்டும் சோற்றுக்கு வாயைத் திறந்தாள். "பசிக்குது சித்தி" என்று முழுதாகச் சொன்னாள். மத்தியானங்களில் கௌசி அனுப்பும் வீடியோவைத் துஷானி அலுவலகத்தில் இரண்டு முறை பார்ப்பாள். முதல்முறை மகளை. இரண்டாம் முறை, படத்தின் ஓரத்திலிருந்து வந்துபோகும் அந்தக் கையை மட்டும். மெல்லிய விரல்கள், வெட்டிய நகங்கள். அதில் ஏதாவது ஒரு குறை அகப்படுமா என்று தேடுவாள். அகப்படாது. அது அவளுக்கு இன்னும் எரியும்.

"பிள்ளை சாப்பிடுறாள், தமிழ் கதைக்கிறாள். உமக்கு வேறென்ன வேணும்?" என்றான் ஜனார்த்தன்.

இப்போது, நீட்டியே இருந்த கை வலித்தது.

"சித்தி எப்பிடித் தீத்துறவ? அம்மாவுக்குச் சொல்லித்தாங்கோ."

அட்சயா அம்மாவின் அறியாமையை நினைத்துப் பெருமூச்சு விட்டாள். "ஆருக்கெண்டு சொல்லோணும். இது அப்பாக்கு. இது பக்கத்து வீட்டுப் பூனைக்கு."

அப்பாவுக்கு என்றதும் வாய் திறந்தது. பூனைக்கு. பனிமனிதனுக்கு. சித்திக்கு என்றபோது துஷானி உருண்டையைச் சற்றுச் சிறிதாகப் பிடித்தாள். புட்டுக் கோப்பை காலியாகி வந்தது. மகள் தன் கையால் சாப்பிடுகிறாள் என்ற மகிழ்ச்சியில் கடைசிப் புட்டையும் திரட்டி மீன்முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

"இது ஆருக்கு?"

"அது அம்மான்ர. கடைசி எப்பவும் அம்மான்ர."

துஷானி உருண்டையை மகளின் வாயருகே கொண்டுபோனாள். "அப்ப ஆவெண்டுங்கோ."

"நோ! உங்கட எண்டால் நான் சாப்பிடக்கூடாது. நீங்க வேலைக்குப் போவீங்கள்தானே. உங்களுக்குப் பதிலாச் சித்திதான் சாப்பிடுவா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

வாசற்கதவு திறந்தது. குளிர்காற்றோடு கௌசியின் குரல் வந்தது. "அட்சுக்குட்டி, சாப்பிட்டாச்சோ?"

அட்சயா கதிரையைவிட்டு இறங்கி ஓடினாள். துஷானி உருண்டையை அப்படியே தன் வாய்க்குள் திணித்தாள். அது பெரிதாக இருந்தது. மெல்லவும் முடியவில்லை.

காலிலிருந்து கழற்றிய ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கௌசி குசினியை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நான் நிக்கிறதைப் பற்றி யோசிச்சனீங்களே?"

இரண்டு கன்னமும் உப்ப, துஷானி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்சயா திரும்பி ஓடிவந்து கதிரையில் ஏறி, அம்மாவின் உதட்டில் ஒட்டியிருந்த புட்டுத் துணிக்கையை ஒரு விரலால் எடுத்து, மெதுவாக உள்ளே தள்ளிவிட்டாள்.