பேஸ்டு போட்டுக் கழுவிய வெள்ளிக்காசு

பொன்னேரியிலிருந்து வந்து, ரங்கனின் படகிலேயே ஏரியைக் கடந்து கரையேறிய சிவசங்கர், வெல்வெட் துணியை விரித்து ஆறு வெள்ளிக்காசுகளை வரிசையாக வைத்தான். ரங்கன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஐம்பது வருசத்துக்கு முந்தைய நினைவு நாணயங்களாம். சந்தையில் புழங்காமல் அச்சடித்தபடியே பெட்டிக்குள் இருந்தவையாம். சென்னையில் இதற்கு அடித்துக்கொள்கிறார்களாம். ஈடாக அவன் கேட்டது ரங்கனின் பைபர் படகை. அந்தப் படகு ஏரிக்குள் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும். ரங்கனோ லாட்டரி விழுந்தவன் போல இளித்தான்.

அவன் பெண்டாட்டி இளவரசி, பசியாவரம் கரையில் பதினெட்டு வருசமாக இறால் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து எறா தரம் பிரிக்கிறவள். ஐஸில் நாலு நாள் கிடந்ததைப் பவுடர் போட்டுக் கழுவி, இன்று பிடித்ததென்று தலையில் கட்டப் பார்க்கும் ஆட்கள் அவளுக்குப் புதிதல்ல. கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு காசை எடுத்தாள்.

"தொடாதம்மா! கை பட்டா மதிப்பு போயிடும்."

"ஆமா, இதுவரைக்கும் யாரு கையும் படாமதான் இருந்துச்சு, பாவம்."

காசை வெயிலில் சாய்த்துத் திருப்பினாள். புது எறாவைத் திருப்பினால் ஓட்டின்மேல் வெளிச்சம் தலையிலிருந்து வாலுக்கு ஓடும். கழுவிய எறா எப்படித் திருப்பினாலும் செத்த வெளுப்புதான். இதுவும் அப்படியே இருந்தது. கிட்டத்தில் பார்த்தால் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக, நார் போட்டுத் தேய்த்த குண்டான் மாதிரி. கூடையிலிருந்து ஓர் எறாத்தலையை எடுத்து, அதன் கொம்பால் எழுத்து இடுக்கைக் கிளறினாள். வெள்ளையாக உதிர்ந்தது. மோந்து பார்த்தாள்.

"பேஸ்டு. இன்னா சார், காசுக்குப் பல்லு மொளச்சிருச்சா?"

சிவசங்கர் முகம் சுருங்கியது. "அழுக்கா இருந்தா எவன் வாங்குவான்? கொஞ்சம் தொடச்சேன், அவ்ளோதான். இந்தா, கறுத்தது ஒண்ணு கீது, கொசுறா வச்சுக்க."

அந்தக் கறுப்புக் காசையும் சாய்த்தாள். கறுப்புக்கு அடியில் வெளிச்சம் சக்கரமாகச் சுற்றி வந்தது. ஒரு கீறலில்லை. வந்தவன் திருடன்கூட இல்லை, தன் பொருளைத் தானே தேய்த்துக் கெடுத்த முட்டாள் என்று தெரிந்ததும் அவளுக்கு இன்னும் இளக்காரமாகிவிட்டது.

"யோவ், நல்லா பாத்துக்க. இது ஒண்ணுதான் காசு. மத்த ஆறையும் இந்தப் பெரிய மனுசன் தோல உரிச்சுட்டாரு."

சிவசங்கர் அவள் கையிலிருந்து கறுப்புக் காசை வெடுக்கென்று பிடுங்கினான். ரங்கன் இன்னும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்தாலும் பளபளன்னுதான கீது, புள்ள?"

அவள் அவன் தோளில் கிடந்த, படகு இன்ஜினை இழுத்துக் கிளப்பும் கயிற்றை உருவித் தன் இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு, பாதியில் விட்ட எறாக் குவியலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அப்போ என்னை அக்கரையில யாரு விடுவா?" என்றான் சிவசங்கர்.

"மதியத்துக்கு மேல வேற படகு வரும், சார். அதுவரைக்கும் ஒக்காந்து காசுக்குப் பல்லு வெளக்கு."